தட்டிக்கு இந்தப் பக்கம் நாலணா

எங்கள் கல்லூரியில் வாலிபால் ஆட்டத்துக்கு முதல்முறையாக டிக்கெட் போட்டபோது, விலை வைத்த பையன்கள் யாரும் வாலிபாலை நினைத்து வைக்கவில்லை. சினிமாக் கொட்டகையை நினைத்து வைத்தார்கள். அறுபதுகளின் கடலூரில், காசு கொடுத்து டிக்கெட் வாங்கி ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்து எதையாவது பார்க்கிறார்கள் என்றால் அது கொட்டகையில்தான். ஆகவே தரை நாலணா, பெஞ்சு எட்டணா, நாற்காலி ஒரு ரூபாய். நயா பைசா வந்து வருஷங்கள் ஆகியும் எங்கள் வாயில் அணாதான் வரும். பெண்களுக்குத் தட்டி மறைப்புடன் தனி இடம், பெஞ்சு போட்டு, தலைக்கு நாலணா.

விலையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உட்காரும் இடத்தையும் கொட்டகை மாதிரியே போட்டார்கள். தரை டிக்கெட் முன்னால், அதற்குப் பின்னால் பெஞ்சு, எல்லாவற்றுக்கும் கடைசியில் நாற்காலி. கொட்டகையில் திரைக்குக் கிட்டே உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பின்னால் போகப் போகத்தான் மதிப்பு. வாலிபாலில் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காருகிறவன்தான் ராஜா. ஒரு ரூபாய் கொடுத்த வக்கீலுக்கும் டாக்டருக்கும் முன்னால் இருப்பவர்களின் முதுகுதான் தெரியும். இதை யோசிக்க அந்தக் கமிட்டியில் ஒருத்தர் இல்லை. எல்லாரும் பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்கிறவர்கள். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

கேட்கமாட்டார்கள். நான் அந்தக் கல்லூரியில் படித்த பதினோரு பெண்களில் ஒருத்தி. எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நாங்கள்தான் ஒன்றைக் கேட்டிருந்தோம். எங்களுக்கு ஒரு வாலிபால் வலை வேண்டும் என்று.

எனக்கு அந்த ஆசை நெல்லிக்குப்பத்தில் பிடித்தது. உம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தொழிலாளிகள் விளையாடுகிற மைதானம் தெரியும். லீவுக்குப் போகும்போதெல்லாம், கரும்பு வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற சாயங்கால வேளையில், நானும் மாமா பெண்களும் மாடிச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்போம். யார் சர்வீஸ் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் பாயிண்ட், எப்போது இடம் மாறி நிற்கவேண்டும், முன்வரிசைக்காரர் எதற்காகப் பொய்யாகக் குதிக்கிறார் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமல் தெரிந்துபோயிற்று. ஊருக்குத் திரும்பினால் வாப்பாவின் கடையில் கிடைக்கிற தேங்காய் நார்க் கயிற்றைப் பந்தாகச் சுற்றி, துணி காயப்போடுகிற கொடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டுவோம். வாப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் கயிற்றுக் கடை. தோணிக்காரர்களும் பந்தல்காரர்களும் வாடிக்கை. நார்ப் பந்து விரலைக் கிழித்துவிடும். பின்னாளில் தோல் பந்தைத் தொட்டபோது, இவ்வளவு மெத்தென்று ஒன்றை வைத்துக்கொண்டா ஆம்பளைகள் இப்படி அலட்டிக்கொள்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

வலை கேட்டு நாங்கள் போனபோது பிரின்சிபால் கோபப்படவில்லை. கெட்டவர் இல்லை அவர். ஆனால் எதற்கும் ஒரு நிபந்தனை வைக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இந்த ஊரில் பொம்பளைகள் ஆட்டம் பார்க்கவே வருவதில்லை, பிறகு ஆடுவதற்கு எங்கே வருவார்கள் என்று கேட்டார். சிதம்பரத்து அணியோடு நடக்கப்போகிற ஆட்டத்தில் பெண்கள் பெஞ்சு நான்கும் நிறையட்டும். தொடக்கத்தில் வந்து தலையைக் காட்டிவிட்டு எழுந்து போகிற கூட்டம் கணக்கில் சேராது. ஆட்டம் முடிகிற நேரத்தில் நானே வந்து பார்ப்பேன், நிறைந்திருந்தால் வலை என்றார். எங்கள் பி.டி. மாஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, கழுத்து விசிலைத் திருகியபடி, ஒப்புக்கொள்ளுங்கள் என்று கண்ணாலேயே ஜாடை காட்டினார்.

அடுத்த சில நாட்கள் நாங்கள் பதினோரு பேரும் படிப்பதை விட்டுவிட்டு ஆள் பிடித்தோம். மஞ்சக்குப்பத்தில் ஆஸ்பத்திரி நர்ஸுகளைக் கெஞ்சினோம். பள்ளிக்கூட டீச்சர்மார் சிலர், புண்ணியத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தோழியின் அம்மா, ஒரு தெருவையே கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்தார். துறைமுகத்துப் பக்கம் மீன் விற்கிற அக்காமார்களிடம் நான் போனேன். நாலணாவுக்கு என்ன காட்டுவார்கள் என்று கேட்டார்கள். சிதம்பரத்துப் பையன்களும் நம் ஊர்ப் பையன்களும் மோதுகிறார்கள் என்றேன். சண்டையா என்று ஆர்வமாகக் கேட்டார்கள். கிட்டத்தட்ட என்றேன்.

கடைசியாக உம்மா. உம்மா கல்யாணத்துக்கும் மௌத்து விழுந்த துக்க வீட்டுக்கும் தவிர வீட்டை விட்டு இறங்காதவர். கட்டாயத்தால் இல்லை, கூச்சம். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது என்பார். வாப்பா கூட வந்தால் வருகிறேன் என்றார். வாப்பாவிடம் போனேன்.

"ஆறு பேரு அந்தாண்ட தள்ளுறான், ஆறு பேரு இந்தாண்ட தள்ளுறான். இதுக்கு எட்டணாவா? ஜாஸ்திம்மா" என்றார். ஆனால் வந்தார். கேட்டால் மறுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. முதலில் ஒரு கிண்டல், பிறகு செருப்பை மாட்டிக்கொள்வார். வலை விஷயத்தை நான் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் வீட்டில் அதையும் சேர்த்துப் பேசவேண்டியிருக்கும் என்று பயம்.

ஆட்டத்தன்று பெண்கள் பெஞ்சு நான்கும் நிறைந்தன. மீன்காரக் காமாட்சியோ மீனாட்சியோ, பெயர் நினைவில்லை, காலிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். எனக்கு மனசு அப்படியே பொங்கியது. அப்புறம்தான் தட்டியைச் சரியாகப் பார்த்தேன்.

மைதானத்தின் ஒரு நீளப் பக்கம் கல்லூரிச் சுவர். ஆகவே ஜனங்களை எல்லாம் இந்தப் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தார்கள். இடது பாதி பெண்கள், வலது பாதி ஆண்கள். கொட்டகையில் இருப்பதுபோலவே நடுவில் தடுப்பு. ஆள் உயரத் தென்னங்கீற்றுத் தட்டி, சவுக்குக் கம்பங்களில் கட்டி, பின்வரிசையிலிருந்து கிளம்பி வலைக்கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி வந்து முடிந்தது. கொட்டகையில் இது சரி. திரை எதிரே இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும் தெரியும். இங்கே வலை எங்கே நிற்கிறதோ அங்கேயே தட்டியும் வந்து நின்றுவிட்டது. பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தால் வலைக்கு இந்தப் பக்கத்து ஆறு பேர் தெரிவார்கள். அந்தப் பக்கத்து ஆறு பேர் தட்டிக்குப் பின்னால் மறைந்துபோனார்கள்.

முதல் செட்டில் எங்கள் பையன்கள் எங்கள் பாதியில் இருந்தார்கள். பந்தைத் தூக்கிக் கொடுப்பார்கள், ஒருத்தர் எகிறி அடிப்பார், பந்து தட்டிக்குப் பின்னால் போய்விடும். பிறகு அந்தப் பக்கம் ஆண்கள் ஒரு கூச்சல் போடுவார்கள். அது சந்தோஷமா, வருத்தமா என்று எங்களுக்குத் தெரியாது. சில நேரம் பந்து திரும்பி வரும். சில நேரம் வராது. ஒரு நர்ஸ் என்னைக் கேட்டார், போன பந்து எங்கே என்று. எங்கள் பையன்கள் அழகாக அடிப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், அவர்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கைதட்டினார்கள். அந்த செட்டில் தோற்றிருந்தோம்.

இரண்டாவது செட்டுக்கு இரண்டு அணியும் பக்கம் மாறின. இப்போது சிதம்பரத்துப் பையன்கள் எங்கள் பாதிக்கு வந்தார்கள். காலில் கேன்வாஸ் ஷூ, நல்ல உயரம். அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. மீன்கார அக்காமார்கள் உடனே இவர்கள் கட்சியில் சேர்ந்து கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். உம்மா மட்டும் என் காதோரம் வந்து, "நம்ம பசங்க எங்கம்மா போனாங்க?" என்று கவலையாகக் கேட்டார். இரண்டாவது செட்டும் போயிற்று.

அதோடு பெஞ்சுகளில் அசைவு தொடங்கியது. இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒரு டீச்சர் கேட்டார். இன்னும் ஒரு செட்டோ, மூன்றோ என்றதும் எழுந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இருவர். திருப்பாதிரிப்புலியூர்த் தெரு முழுக்கப் புடவையை உதறிக்கொண்டு நின்றது. காசு முழுசா வாங்கிக்கொண்டு பாதி ஆட்டம் காட்டுகிறார்கள் என்று ஒருத்தர் சொன்னார். அது நூற்றுக்கு நூறு உண்மை. தோழிகள் என் முகத்தைப் பார்த்தார்கள். கண்ணுக்கு எதிரே வலை போய்க்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் பயம் போய்விடும். இன்றைக்கும் அப்படித்தான். எழுந்து நேராகத் தட்டியின் நுனிக்குப் போனேன். அந்த இடத்தில் நின்றால் மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். பெஞ்சுகளைப் பார்த்துத் திரும்பி, உட்காருங்கள், அந்தப் பக்கம் நடப்பதை நான் சொல்கிறேன் என்றேன். மூன்றாவது செட்டுக்கு விசில் அடித்தார்கள்.

முதலில் தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். பந்து போயிட்டுது, அவுங்க எடுத்துட்டாங்க, திரும்பி வருது. பிறகு வாய் தானாகப் பிடித்துக்கொண்டது. உயரமான ஆள் இப்போதுதான் முன்வரிசைக்கு வந்திருக்கிறார், அவர் கிட்டே பந்து போகக்கூடாது, பின்னால் இடது மூலையில் ஆள் இல்லை, நம்மவர் அங்கே தள்ளினால் பாயிண்ட், தள்ளிட்டார், விழுந்துட்டுது. நெல்லிக்குப்பத்து மாடியில் சும்மா பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்தது எல்லாம் வெளியே வந்தது. நின்றவர்கள் நின்றபடியே கேட்டார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். வாசல் வரை போன டீச்சர்களில் ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர்கள் போனது போனதுதான். மூலையில் ஆள் இல்லை என்று நான் சொன்னதும் பெஞ்சு முழுக்க, மூலையில போடு, மூலையில போடு என்று எங்கள் பையன்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பையன்களும் போட்டார்கள். மூன்றாவது செட் எங்களுக்கு.

நான்காவதில் பக்கம் மாறியது. இப்போது எங்கள் பையன்கள் தட்டிக்கு அந்தப் பக்கம். பெண்களுக்கு என் வாயை விட்டால் கதி இல்லை. தொண்டை கட்டியிருந்தது, ஆனாலும் விடவில்லை. பாதியில் எதையோ சொல்லி முடித்து மூச்சு வாங்கியபோதுதான் கவனித்தேன். ஆண்கள் பக்கத்தில் சத்தமே இல்லை. அத்தனை ஆம்பளைகளும் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படிச் சத்தம் போட்டுப் பேசினால் தெருவில் பத்து நாள் பேச்சு. அதிலும் வாப்பா தட்டியை ஒட்டிய பெஞ்சில்தான் இருந்தார். அந்தப் பெஞ்சில் இருந்த மற்றவர்கள் பாதி ஆட்டம் தெரியவில்லை என்று எழுந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டார்கள். உம்மாவுக்குப் பக்கத்திலேயே இருப்பதாகச் சொல்லி வந்தவர் என்பதால் அவர் நகரவில்லை. முகம் எனக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன். ஆட்டம் நடந்தது, நான் பேசவில்லை. பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாப்பாவின் குரல் வந்தது. கடையில் வியாபாரம் பேசுகிற அதே சாதாரணக் குரல்.

"ஏம்மா நிறுத்திட்டே? சொல்லு. இந்தாண்டையும் பாதிதான் தெரியுது."

அழுகை வந்தது, ஆனால் அழ நேரம் இல்லை. பந்து காற்றில் இருந்தது. சொன்னேன். இப்போது இரண்டு பாதியையும் சொன்னேன், அவருக்கும் சேர்த்து. நான்காவது செட்டும் எங்களுக்கு வந்தது. இரண்டுக்கு இரண்டு. கடைசி செட் ஒன்றுதான் பாக்கி.

அந்த இடைவெளியில் உம்மா செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. எழுந்து தட்டி ஓரமாகப் போனார். கீற்று இடுக்கில் ஒரு விரலை விட்டு அந்தப் பக்கம் ஒரு குத்துக் குத்தினார். வாப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர் செருமுகிற செருமலிலேயே உம்மாவுக்குத் தெரியும். குத்துப்பட்டவர், யாரு என்று அதட்டினார்.

"நான்தாங்க. முடிச்சு உங்க பக்கம்தானே இருக்குது? அவுத்து வுடுங்க. புள்ளைக்குத் தொண்டை போயிட்டுது" என்றார் உம்மா.

சவுக்குக் கம்பத்தில் கட்டியிருந்த கயிறு வாப்பா கடைக் கயிறு. பந்தல்காரர் அவரிடம் வாங்கியதுதான். முடிச்சை அவிழ்க்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும். இரண்டு பேர் ஓடிவந்து கை கொடுத்தார்கள். தட்டி முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு மெதுவாகப் படுத்தது. கமிட்டிப் பையன் ஒருவன் ஓடிவந்து, சார் சார் என்று ஏதோ சொன்னான். அதற்குள் மீன்கார அக்கா கூடையை எடுத்துக்கொண்டு வந்து, படுத்த தட்டியின்மேலேயே வசதியாக உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து நர்ஸுகள், அவர்களைப் பார்த்துத் திருப்பாதிரிப்புலியூர். பெஞ்சைவிட இது கோட்டுக்குக் கிட்டே. உம்மா தட்டியின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தார், வாப்பா அந்த ஓரத்தில் நின்றார். ஆம்பளைகள் யாரும் பெண்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் அப்படி. எட்டாவது பாயிண்டில் பக்கம் மாறினார்கள், யாருக்கும் எதுவும் மறையவில்லை. எங்கள் பையன்கள் ஜெயித்தார்கள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பிரின்சிபால் ஆட்டம் முடிகிற நேரத்தில் வந்து பார்ப்பேன் என்றாரே. வந்தார். நாற்காலிகளிலிருந்து இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண்கள் பெஞ்சு வரை வந்து நின்றார். நான்கு பெஞ்சும் காலி.

மறுநாள் எங்கள் பதினோரு பேரையும் கூப்பிட்டார். நாங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நின்றோம். பெஞ்சு நிறையவேண்டும் என்று சொல்லியிருந்தேன், ஒரு பெஞ்சிலும் ஆள் இல்லை, அதை நீங்களே பார்த்தீர்கள் என்றார். ஆமாம் சார் என்றோம். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு ரூபாய் நாற்காலியில் உட்கார்ந்து தமக்கு முன்னால் இருந்த வக்கீலின் பிடரியைத்தான் நேற்று முழுக்கப் பார்த்ததாகவும், தட்டி ஓரத்தில் நின்ற பெண் சொல்லச் சொல்லத்தான் மூன்றாவது நான்காவது செட்டில் என்ன நடந்தது என்றே தெரிந்ததாகவும் சொன்னார். அது யார் என்று கேட்டார். தோழிகள் என்னை முன்னால் தள்ளினார்கள்.

"பழைய வலை ஒண்ணு ஸ்டோர்ல கிடக்குது. ஓட்டையா இருக்கும். தைச்சுக்குவீங்களா?" என்றார்.

தைப்பதா. வாப்பா கடையில் வலைக்கயிற்றுக்கா பஞ்சம். அன்று சாயங்காலமே வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். வாப்பா கடைக்குப் போய், மெல்லிய வெள்ளைக் கயிறு ஒரு கண்டு எடுத்துவந்து என் மடியில் போட்டார். விலை சொல்லவில்லை, கிண்டலும் இல்லை. அவர் கிண்டல் இல்லாமல் எதையாவது கொடுத்தால் அது அவர் மனசு நிறைந்து கொடுத்தது என்று அர்த்தம்.

ஒரு வருஷம் ஆடினோம். சுவருக்குப் பின்னால், பையன்கள் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு. பி.டி. மாஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அடிக்க வராது. பந்தைத் தூக்கிக் கொடுக்க நன்றாக வந்தது. அடுத்த வருஷம் சிதம்பரத்தில் பெண்கள் ஆட்டம் வைத்தார்கள். எங்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட கடிதத்தை மாஸ்டர் படித்துக்காட்டியபோது பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

முதுநகரில் பாசஞ்சர் ஏறி, ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொன்றிலும் நின்று நின்று சிதம்பரம் போனோம். உம்மா தானாகவே கிளம்பி வந்தார். வாப்பாவைத் துணைக்குக் கேட்கவே இல்லை. அவரே கடையை அரைநாள் சாத்திவிட்டு வந்து ஏறிக்கொண்டார். மைதான வாசலில் வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கினார். பெண்கள் ஆட்டத்துக்கு ஒரே விலை, நாலணா. உள்ளே போகப் பார்த்தபோதுதான் வாசலில் நின்ற அம்மா கையை நீட்டி மறித்தார். உள்ளே பெண்களுக்கு மட்டும்தான் இடம். டிக்கெட் விற்ற பையன், யாருக்கு வாங்குகிறார் என்று கேட்காமலே கொடுத்துவிட்டிருந்தான்.

இந்த முறை மைதானத்தின் நாலு பக்கமும் தட்டி. எங்கள் பி.டி. மாஸ்டரையே உள்ளே விடவில்லை. ஒரு வருஷம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், விசிலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். பக்கத்தில் வாப்பா. டிக்கெட் காசைத் திருப்பித் தருகிறோம் என்றார்களாம். வேண்டாம், டிக்கெட் இருக்கட்டும் என்றாராம். டிக்கெட் இருந்தால் கொஞ்சம் கிட்டே நிற்கலாம் என்று அவர் எண்ணம்.

உள்ளே பெண்கள் கூட்டம் நெருக்கியடித்தது. சிதம்பரத்தில் இத்தனை பெண்கள் ஆட்டம் பார்க்க வருவார்கள் என்று யாருக்குத் தெரியும். உம்மாவுக்கு முன்வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தோம். ஆட்டம் தொடங்கி ஓரிரண்டு பாயிண்ட் ஆகியிருக்கும், திரும்பிப் பார்த்தால் உம்மா இடத்தில் இல்லை. ஒரு தட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத உம்மா, ஒரு கையால் கீற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டி நீட்டி, ஊரே கேட்கிறமாதிரி வெளியே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம புள்ளதாங்க தூக்கிக் குடுத்தா. அந்தச் சிவப்புத் தாவணிப் பொண்ணு அடிச்சிட்டுது. வுழுந்துட்டுது. நமக்குத்தான்."

எனக்குச் சர்வீஸ் போடவே கை வரவில்லை. விசில் அடித்து நினைவுபடுத்தினார்கள்.

நாங்கள் தோற்றோம். முதல் செட் மோசமாகப் போயிற்று, இரண்டாவதைப் பிடித்தோம், மூன்றாவதில் கடைசி வரை ஒட்டிக்கொண்டு போய்க் கோட்டைவிட்டோம். வருத்தம்தான், ஆனால் அவர்கள் பல வருஷமாக ஆடுகிறவர்கள், நாங்கள் ஓட்டை வலைக்காரிகள். ஒரு செட் எடுத்ததற்கே ஒருத்தரையொருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

வெளியே வந்தால் வாப்பாவும் பி.டி. மாஸ்டரும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். வாப்பா கையில் பெரிய அல்வாப் பொட்டலம். மாஸ்டர் என்னைப் பார்த்து, மூணாவது செட்டில் அவுங்களுக்கு ஒரு பாயிண்டுகூட விடவில்லையாமே என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோற்றுவிட்டோம் சார் என்றேன். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி உம்மாவைப் பார்த்தார்கள். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"நம்ம பக்கம் வுழாததை எல்லாம் சொன்னேன். மத்தது எதுக்கு?" என்றார்.

உள்ளே யாருக்குக் கைதட்டினாலும் வாப்பா எங்களுக்கென்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மாஸ்டருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. வாப்பா பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு பிரித்து, தோத்தாலும் பசிக்கும் என்று சொல்லி, முதலில் எனக்கும் அப்புறம் ஒவ்வொரு பெண்ணுக்கும் பிய்த்துக் கொடுத்தார்.

திரும்புகிற பாசஞ்சரில் பெண்கள் எல்லாம் களைத்துத் தூங்கினார்கள். வாப்பா சட்டைப் பையிலிருந்து அந்த டிக்கெட்டை எடுத்தார். கிழிபடாமல் முழுசாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"அடுத்த ஆட்டத்தை நம்மூர்ல வைக்கச் சொல்லும்மா. தட்டி வேணாம்னு சொல்லு. எல்லைக்குக் கயிறு போதும், கயிறு நான் தரேன். நீ ஆடுறதை நான் பாக்கணும்."

உம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கும் நாலணாதான் வைக்கணும், ஜாஸ்தி வைக்காதீங்க என்றார்.